மூன்றாம் மாடிக் கிணறு

தண்ணீர் அள்ளப் போன பெண்ணைக் கிணற்றடியில் கண்ணன் வழிமறிப்பதாகப் பரதத்தில் எத்தனையோ உருப்படிகள் இருக்கின்றன. ஒரு சனிக்கிழமை அப்படியொரு பதத்துக்கு (அபிநயத்துக்கென்றே உள்ள பாட்டு அது) அபிநயம் பழக்கிக்கொண்டிருந்தேன். எட்டுப் பிள்ளைகள், பதினொன்று பன்னிரண்டு வயது. எல்லோரும் கயிற்றை வடிவாகத்தான் பிடித்தார்கள். முஷ்டி சரி, கை மாற்றுவது சரி, கண்ணும் கையோடு போனது. ஆனால் கயிற்றின் மறுமுனையில் ஒன்றுமே இல்லை. வாளிக்குப் பாரமில்லை, கிணற்றுக்கு ஆழமில்லை. பரிசுப் பொதியில் கட்டிய ரிப்பனை இழுப்பதுபோல இழுத்தார்கள்.

"உங்களில் யார் கிணற்றில் தண்ணீர் அள்ளியிருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒருத்தி மட்டும் கை தூக்கினாள். நல்லூரில் அம்மம்மா வீட்டில் கிணறு இருக்கிறதாம். ஆனால் மோட்டர் பூட்டி, மேலே கம்பி வலை போட்டு மூடிவிட்டார்களாம். மற்றவர்கள் எல்லோரும் கொழும்பில் வெள்ளவத்தை, தெகிவளைத் தொடர்மாடிகளில் பிறந்து வளர்ந்தவர்கள். குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும், அவ்வளவுதான் அவர்களுக்குத் தெரிந்தது. நான் யாழ்ப்பாணத்தில் துலாக் கிணற்றில் அள்ளிக் குளித்தவள். என் கைக்கு ஞாபகமிருப்பது அவர்கள் கைக்கும் இருக்கும் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறேன்.

அடுத்த கிழமை காலி வீதியில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் தும்புக் கயிறு வாங்கினேன். என் வகுப்பு நடப்பது மூன்றாம் மாடியில். படிக்கட்டு சுற்றிச் சுற்றி ஏறும்போது நடுவில் ஓர் இடைவெளி, மேலிருந்து பார்த்தால் கீழ்த்தளம் தெரியும். காவலாளி ஐயாவிடம் சொல்லி, கீழே யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்ளச் செய்து, வாளியைக் கயிற்றில் கட்டி இறக்கினோம். அவர் பாதி வாளி தண்ணீர் நிரப்பிவிட்டு "ம்ம், இழுங்கோ" என்று கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

முதல் பிள்ளை இழுத்தவுடன் உடம்பு முன்னுக்குச் சரிந்தது. சொல்லாமலே ஒரு கால் பின்னே போய் ஊன்றிக்கொண்டது. இடுப்பு இறங்கியது, முதுகு மெல்லச் சாய்ந்தது. ஒவ்வொரு கை மாற்றத்துக்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். வாளி இரண்டாம் மாடிக் கம்பியில் முட்டித் தண்ணீர் சிந்தியபோது, கைகளை அப்படியே நிறுத்தி, ஆட்டம் அடங்கும் வரை காத்திருந்தாள். கடைசியில் வாளி கைக்கு எட்டும் இடத்துக்கு வந்ததும் ஒரு கை கயிற்றை விடாமல் பிடித்திருக்க, மற்றக் கை பிடியைத் தேடியது. அந்தக் கணத்தில் முழுப் பாரமும் ஒற்றைக் கையில்தான். எனக்குச் சொல்லித்தந்தவர்களும் அதைச் செய்து காட்டியதில்லை, நானும் பிள்ளைகளுக்குக் காட்டியதில்லை. எட்டுப் பேரும் முறை வைத்து இழுத்தார்கள். உள்ளங்கை சிவந்துபோனது. மூன்று மாடியும் ஈரம், பிறகு எல்லோருமாகத் துடைத்தோம்.

அதற்கடுத்த வகுப்பில் அதே பதத்தைத் திரும்ப எடுத்தேன். இந்த முறை வாளிக்குள் தண்ணீர் இருந்தது. ஒருத்தி, குடத்தை நிறைத்துவிட்டு, ஈரக் கையைப் பாவாடையில் இரண்டு தரம் துடைத்துவிட்டுத்தான் கண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தத் துடைப்பு நான் பழக்கியது இல்லை. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

கை போகும் இடத்துக்குக் கண் போகும், கண் போகும் இடத்துக்கு மனம் போகும், மனம் போகும் இடத்தில் பாவம் என்ற உணர்ச்சி வெளிப்பாடு, பாவம் இருக்கும் இடத்தில் ரசம் என்ற சுவை என்று அபிநய தர்ப்பணம் என்ற பழைய நடன நூலில் ஒரு சுலோகம் உண்டு. பரதம் பழகும் பிள்ளைகள் எல்லோருக்கும் அது மனப்பாடம். என் பிள்ளைகளின் கையும் கண்ணும் ஒழுங்காகத்தான் போயின. மனம் போவதற்குத்தான் அங்கே இடமிருக்கவில்லை. அந்த இடத்தை உண்டாக்கிக் கொடுப்பது ஆசிரியரின் வேலை என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. அப்போதே நான் பழக்கத் தொடங்கிப் பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது.

நான் மருதனார்மடத்தில் இராமநாதன் நுண்கலைக் கழகத்தில் நடனம் படித்தேன். 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணத்தின் வலிகாமம் பகுதி முழுவதும் போரால் இடம்பெயர்ந்தபோது நாங்களும் வெளிக்கிட்டோம். சாவகச்சேரிப் பக்கம் சில மாதம், பிறகு வன்னி, அப்புறம் வவுனியா வழியாக 1997 இல் கொழும்பு. கொண்டுவந்த பையில் இரண்டு சேலை, சான்றிதழ்கள், சலங்கை, தட்டுக்கழி.

முதலில் நான்கு பிள்ளைகள். ஒரு வீட்டு வரவேற்பறையில் கதிரைகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு நடந்த வகுப்பு. பிறகு 100ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி பம்பலப்பிட்டி, தெகிவளை என்று வீடு வீடாகப் போனேன். பொலிஸ் பதிவு, அடையாள அட்டை, சந்திக்குச் சந்தி சோதனைச் சாவடி இருந்த காலம். ஒருநாள் காலி வீதியில் பையைத் தூக்கியதும் உள்ளே உலோகம் கலகலவென்று சத்தம் போட்டது. இராணுவச் சிப்பாய் துப்பாக்கியை நேராக்கிவிட்டான். எனக்குச் சிங்களம் அப்போது அரைகுறை. "நெட்டும், நெட்டும்" (நடனம், நடனம்) என்று சொல்லிக்கொண்டே சலங்கையை வெளியே எடுத்தேன். அவன் வாங்கி ஒரு தரம் குலுக்கிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. தன் தங்கச்சியும் ஆடுவாள் என்று ஏதோ சொன்னான். மிகச் சின்னப் பெடியன்.

அந்த நாட்களில் பெற்றோருக்கு, பிள்ளை இருட்டுவதற்கு முன் வீடு வந்து சேரவேண்டும் என்பதே பெரிய பாடு. ஐந்தரைக்கு முடியும் என்று சொன்னால் ஐந்தரைக்கு முடித்துவிடுவேன். ஐந்து நிமிடம் பிந்தினால் வாசலில் நிற்கும் தாயின் முகம் எப்படியாகும் என்று பார்த்திருக்கிறேன். போர் முடிந்து இத்தனை வருடமாகியும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. புதிதாக வகுப்புத் தொடங்குகிறவர்கள் கேட்டால் முதலில் இதைத்தான் சொல்வேன். சொன்ன நேரத்துக்குப் பிள்ளையை விட்டுவிடுங்கள். உங்களை நம்பலாம் என்று ஒரு குடும்பத்துக்குத் தெரிவது அதிலிருந்துதான்.

இனி, எழுதுவதற்குக் கஷ்டமான ஒன்று.

2007 என்று நினைக்கிறேன். ஒரு விழாவுக்காகப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்திக்கொண்டிருந்தேன். பதினொரு வயதில் ஒருத்தி, உயரம், நீண்ட கால்கள், ஒரு வகுப்புக்கும் வராமல் விட்டதில்லை. தட்டடவில், அதாவது காலைத் தூக்கித் தட்டும் முதல் அடவில், மூன்றாம் காலம் என்ற மிக வேகமான நடையில் மட்டும் எப்போதும் ஒரு தட்டுப் பிந்தினாள். ஒத்திகை நாளில் மண்டபத்தில் பெற்றோர் எல்லோரும் இருந்தார்கள். ஒலிவாங்கி என் கையில் இருந்தது. மூன்று முறை திருத்தினேன். நான்காவது முறையும் பிந்தியபோது, "நீ பின்னுக்குப் போ" என்று ஒலிவாங்கியிலேயே சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. கடைசி வரிசைக்குப் போய் நின்று ஆடினாள். நிகழ்ச்சியன்றும் வந்து ஆடினாள். அதற்கடுத்த சனிக்கிழமை அவளுடைய அம்மா மட்டும் வந்தா. நான் ஆட்டத்துக்காகக் கொடுத்திருந்த சலங்கையைப் பத்திரிகைத் தாளில் சுற்றி மேசையில் வைத்துவிட்டு, "டீச்சர், பிள்ளைக்குப் படிப்பு கூடிப்போச்சு" என்றா. அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேட்டிருக்கவேண்டும்.

எங்கே பிழை நடந்தது என்று எனக்கு விளங்க இன்னும் இரண்டு வருடம் பிடித்தது. அடவு தொடங்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும், "காலைத் தூக்கினால் குதிகால் பின்பக்கத்தில் தொடவேண்டும்" என்று சொல்லுவேன். முதற்காலத்துக்கு அது சரி. இரண்டாம் காலத்தில் உயரம் குறையவேண்டும், மூன்றாம் காலத்தில் இன்னும் குறையவேண்டும். வேகம் நான்கு மடங்காகும்போது கால் போய்வரும் தூரம் குறையாவிட்டால் தாளத்துக்குள் நிற்க ஏலாது. பெரும்பாலான பிள்ளைகளின் கால் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிடும். ஆகவே நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. அவளோ நான் சொன்னதை அப்படியே செய்தாள். மூன்றாம் காலத்திலும் குதிகாலைப் பின்பக்கம் வரை தூக்கினாள். அதுவும் மற்றவர்களைவிட நீண்ட கால். முதற்காலத்தில் அவள் காலைத் தூக்கும் அழகைக் காட்டி, "பாருங்கோ, இவளைப்போலத் தூக்குங்கோ" என்று வகுப்பில் சொன்னதும் நான்தான். என் சொல்லைக் கேட்டதற்காக அவளைப் பின்னுக்கு அனுப்பியிருக்கிறேன்.

அவளைப் பிறகு நான் காணவில்லை. குடும்பம் வெளிநாடு போய்விட்டது என்று கேள்வி.

அதிலிருந்து சில பழக்கங்களை ஏற்படுத்திக்கொண்டேன். ஒரு பிள்ளை ஒரே பிழையை மூன்றாம் முறையும் விட்டால், திருத்துவதை நிறுத்திவிடுவேன். "நான் என்ன சொன்னேன் என்று நீ சொல்லு பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பேன். பாதி நேரம் என் சொல்லில்தான் ஓட்டை இருக்கும். ஒலிவாங்கியில் எந்தப் பிள்ளையின் பெயரும் வராது. ஒத்திகைக்குப் பெற்றோர் உள்ளே வருவதில்லை. வரிசை நிரந்தரமில்லை, ஒவ்வொரு கிழமையும் முன்வரிசை பின்னுக்கும் பின்வரிசை முன்னுக்கும் மாறும். மேடையிலும் உருப்படிக்கு உருப்படி மாற்றுவேன். இதனால் ஆட்டத்தின் தரம் குறையும் என்று ஒரு தோழி வாதாடினா. குறையவில்லை. பின்வரிசையில் நிற்பவருக்கு முன்னால் ஆடுபவரைப் பார்த்து ஆடும் பழக்கம் வந்துவிடும். முன்னுக்கு வந்தால்தான் சொற்கட்டை, அதாவது ஆட்டத்துக்கான தாளச் சொற்களை, தானே மனதில் பிடிப்பார்.

தட்டுக்கழி கட்டையில் தட்டுவதற்கு. பிள்ளையின் காலில் படக்கூடாது. என் தலைமுறையில் பட்டது, அதைப் பெருமையாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். அடி விழுந்த முழங்கால் தாழத்தான் செய்யும், ஆனால் அந்தப் பிள்ளை ஆடும்போது கண் எப்போதும் கழியில் இருக்கும். அபிநயத்துக்கு எங்கிருந்து கண் வரும்?

அரைமண்டியை, அதாவது முழங்கால்களைப் பக்கவாட்டில் மடித்துப் பாதி இருக்கும் நிலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். கொழும்பில் நான் காணும் முழங்கால் நோக்களில் பெரும்பாலானவை இங்கேதான் தொடங்குகின்றன. பாதங்கள் இரண்டும் பக்கவாட்டில் நேர்கோடாகத் திரும்பவேண்டும் என்று நாங்கள் ஆறு வயதுப் பிள்ளையிடமும் கேட்கிறோம். கால் திரும்பவேண்டியது இடுப்பு மூட்டிலிருந்து. அந்த மூட்டின் எலும்பமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. இடுப்பு அவ்வளவு திரும்பாத பிள்ளை, டீச்சர் சொன்னார் என்று பாதத்தை மட்டும் முறித்துத் திருப்பும். பாதம் ஒரு பக்கம், முழங்கால் இன்னொரு பக்கம். அந்த முறுக்கலோடு ஒரு மணி நேரம் தட்டினால் முழங்கால் தாங்குமா? நான் பார்க்கும் அடையாளம் ஒன்றே ஒன்று. பிள்ளை அரைமண்டியில் இருக்கும்போது முன்னால் நின்று பாருங்கள், முழங்கால் பாதத்தின் இரண்டாம் விரலுக்கு நேரே வரவேண்டும். வராவிட்டால் பாதத்தின் திருப்பத்தைக் குறைத்துவிடுங்கள். கோணம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. முதல் பத்து நிமிடம் தரையில் உட்கார்ந்து, உள்ளங்கால்கள் இரண்டையும் சேர்த்து, தொடைகளை வண்ணத்துப்பூச்சிச் சிறகுபோல மெல்ல அசைக்க விடுவேன். தொடையைக் கையால் அழுத்திவிடுவதில்லை. மாதக்கணக்கில் செய்தால் இடுப்பு தன்னால் எவ்வளவு ஏலுமோ அவ்வளவு திறக்கும்.

ஒரு சிங்களப் பிள்ளை என்னிடம் இரண்டு வருடம் பழகினாள், அதற்கு முன் உடரட்ட (கண்டி) நடனம் ஆடியவள். முதல் நாளே அரைமண்டியில் சரியாக இருந்துவிட்டு, அங்கேயும் இந்த நிலைக்கு மண்டிய என்றுதான் பெயர் என்று சொன்னாள். வகுப்பில் எல்லோருக்கும் புதினம். அன்றைக்கு அவளிடம் அவளுடைய மண்டியவை ஆடிக்காட்டச் சொல்லி, நாங்கள் எல்லோரும் அதைப் பழகினோம்.

அடுத்தது தரை. தொடர்மாடி வீடுகளில் கொங்கிரீட்டுக்கு மேல் டைல்ஸ். அதில் நாள்தோறும் தட்டினால் முன்காலெலும்பு வலி வரும். கீழ்வீட்டுக்காரர்களுக்கும் நிம்மதி இராது. எங்களுக்குக் கீழே கைக்குழந்தையோடு ஒரு குடும்பம் வந்தபோதுதான் எனக்கு யோசனை பிறந்தது. தடித்த ரப்பர் விரிப்பைப் போட்டு, அதன் மேல் எட்டுக்கு நாலு பிளைவூட் பலகைகளை ஒன்றோடொன்று இறுக்கிப் பொருத்தினோம். செலவுதான், மூன்று தவணையாகச் செய்தேன். கீழ்வீட்டு அன்ரி நன்றி சொன்னா. பிள்ளைகளுக்குக் கால் வலி குறைந்தது. நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. மரத்தில் தட்டும்போது பாதம் முழுதாகப் படுகிறதா, விளிம்பு மட்டும் படுகிறதா என்பது சத்தத்திலேயே தெரிகிறது. இப்போது பிள்ளைகள் தங்கள் காலைத் தாங்களே கேட்டுத் திருத்துகிறார்கள்.

பெரியபிள்ளை ஆகும் பருவம் பற்றி நடன ஆசிரியர்கள் வெளிப்படையாகக் கதைப்பதில்லை. சாமத்தியச் சடங்கு முடிந்து சில கிழமைக்குப் பிறகு பிள்ளை வகுப்புக்குத் திரும்பி வருவாள். உடம்பு மாறியிருக்கும், குனிந்துகொண்டு நிற்பாள். நெஞ்சை நிமிர்த்தச் சொன்னால் தாவணியை இழுத்துவிட்டுக்கொள்வாள். உயரம் திடீரென்று கூடும் அந்த ஒரு வருடத்தில் சுற்றும்போது தடுமாறும், முன்பு வந்தது வராது. தனக்கு ஆட்டம் போய்விட்டது என்று பிள்ளை தானே முடிவுகட்டிவிடும். ஆகவே பத்து வயதிலேயே எல்லோரிடமும் முன்கூட்டிச் சொல்லிவைக்கிறேன். உங்களுக்கு ஒரு வருடம் கால் கை எங்கே போகிறது என்று தெரியாமல் இருக்கும், பயப்படவேண்டாம், அது திரும்பிவிடும், நான் காத்திருப்பேன் என்று. மாதவிடாய் நாளில் உட்கார்ந்து தாளம் போட்டால் போதும். காரணம் கேட்கமாட்டேன். தாளம் போட உட்கார வேறு காரணங்களுக்கும் அனுமதி உண்டு என்பதால், யார் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று மற்றவர்களுக்கும் தெரியவராது.

உடை அளவையும் நானே எடுக்கிறேன், தனியறையில், கொப்பியில் எழுதி. முன்பு தையற்காரர் வகுப்புக்கே வந்து, இடுப்பளவை எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிக்கொண்டு எடுப்பார். ஒரு பிள்ளை அடுத்த இரண்டு கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டதாக அவளுடைய அம்மம்மா சொன்னபோதுதான் நிறுத்தினேன். ஒப்பனையிலும் ஒரு கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். பிள்ளையின் நிறம் எதுவோ அந்த நிறத்துக்குத்தான் பூச்சு. வெள்ளையாக்கிக் கொண்டுவந்து நிறுத்தினால் கழுவச் சொல்லிவிடுவேன், நிகழ்ச்சி பத்து நிமிடம் பிந்தினாலும் சரி. கண்ணனுக்கு ஒருத்தியைத் தெரிவு செய்யும்போது நிறத்தைப் பார்த்துச் செய்ததில்லை, ராதைக்கும் அப்படித்தான்.

ஆண் பிள்ளைகள் மிகக் குறைவு. வருகிறவர்களும் பாடசாலையில் கேலி பண்ணுகிறார்கள் என்று நின்றுவிடுகிறார்கள். அலாரிப்பிலிருந்து தில்லானா வரை நாங்கள் இன்று ஆடும் வரிசையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வரும் ஆண்கள், ஆட்டம் பழக்கும் நட்டுவனார் பரம்பரையே ஆண்களுடையது என்று அவர்களின் அப்பாமாரைக் கூப்பிட்டுச் சொல்கிறேன். சிலர் கேட்கிறார்கள்.

படிப்பு எங்கள் வகுப்புகளுக்கு எப்போதும் ஒரு சுவர். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் என்றவுடன் பிள்ளையை நிறுத்துவார்கள். பிறகு சாதாரண தரம், அப்புறம் உயர்தரம். முன்பு எனக்குக் கோபம் வரும், பெற்றோரோடு வாதாடுவேன். ஒரு பலனும் இல்லை, அவர்களுக்கும் அவர்கள் பயம். இப்போது நானே முந்திக்கொண்டு, "நிற்பாட்ட வேண்டாம், ஞாயிறு காலை அரை மணி நேரம் மட்டும் அனுப்புங்கோ" என்கிறேன். அந்த அரை மணியில் புதிய உருப்படி எதுவும் இல்லை. உடம்பைத் தளர்த்தி, அடவுகளை ஒரு சுற்று ஆடி, ஒரு பழைய உருப்படியை முழுதாக ஆடிவிட்டுப் போவார்கள். டியூஷனுக்கும் டியூஷனுக்கும் நடுவில் வியர்த்துவிட்டுப் போவதால் பிள்ளை நன்றாகத் தூங்குகிறது என்று தாய்மார் வந்து சொல்கிறார்கள். பரீட்சை முடிந்ததும் அவர்களில் பெரும்பாலானோர் முழு வகுப்புக்குத் திரும்பிவிடுகிறார்கள். முழுதாக நின்றவர்கள் திரும்புவது அரிது.

நடனத்துக்குள்ளேயும் பரீட்சை உண்டு. வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு தரம் தரமாகப் பிள்ளைகளை ஆயத்தப்படுத்துகிறோம், ஆசிரியர் தரத்தில் தேறினால் கலாவித்தகர் பட்டம். அதில் எனக்கு மதிப்பு இருக்கிறது. கொழும்பிலும் மட்டக்களப்பிலும் வவுனியாவிலும் இருக்கும் பிள்ளைகள் ஒரே பாடத்திட்டத்தைப் பழகுகிறார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வருடம் ஒரு தரம் என்று ஓடினால் அடவு இறுகுவதற்கு முன் வர்ணம் என்ற நீண்ட, கடினமான உருப்படி வந்துவிடும். ஒரு தரத்துக்கு இரண்டு வருடம் எடுங்கள் என்று கேட்பேன். சம்மதிக்காத பெற்றோர் வேறு வகுப்புக்குப் போயிருக்கிறார்கள். போகட்டும்.

2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது ஸூமில் பழக்கவேண்டி வந்தது. அதில் தாளம் பிடிக்க ஏலாது. என் தட்டு அவர்களிடம் பிந்திப் போகும், அவர்கள் கால் என்னிடம் இன்னும் பிந்தி வரும். எல்லோருடைய ஒலியையும் அடைத்துவிட்டு, சொற்கட்டை நீங்களே சொல்லி ஆடுங்கோ, கைபேசியைத் தரையில் வையுங்கோ என்றேன். திரை முழுக்கப் பாதங்கள். பெருவிரல் மடங்குவதும் குதிகால் சரிவதும் நேரில் இத்தனை கிட்டப் பார்த்ததில்லை. பிள்ளைகளும் மூன்று மாதத்தில் சொற்கட்டு சொல்வதில் தேறிவிட்டார்கள். 2022 இல் மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் வந்தபோது அது கைகொடுத்தது. பாட்டுப் பெட்டி வேண்டாம், மின்விசிறி வேண்டாம், பின்னேரம் மொட்டை மாடிக்கு ஏறிவிடுவோம். பெரிய பிள்ளை ஒருத்தி கட்டையில் தட்ட, சின்னவர்கள் ஆடினார்கள்.

அந்தப் பழக்கத்தையும் விடவில்லை. பதின்மூன்று வயதானவுடன் ஒவ்வொருவருக்கும் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேரைப் பொறுப்புக் கொடுக்கிறேன். தான் எப்படி ஆடுகிறேன் என்று அவர்களுக்கு அப்போதுதான் விளங்குகிறது. அரங்கேற்றத்துக்கு நான் கேட்கும் தகுதியும் இதுவே. அலாரிப்பிலிருந்து தில்லானா வரையான மார்க்கம் முழுவதையும் ஆடினால் போதாது, இன்னொரு பிள்ளைக்கு ஒரு ஜதீஸ்வர உருப்படிக்கு நட்டுவாங்கம் (தாளம் தட்டிச் சொற்கட்டுச் சொல்லி ஆட்டத்தை நடத்துவது) செய்யவும் வேண்டும்.

அரங்கேற்றச் செலவைப் பற்றி மனம்விட்டுச் சொல்கிறேன். அணிசேர் கலைஞர்களை இந்தியாவிலிருந்து அழைத்து, பெரிய மண்டபம் எடுத்து, நாலு பட்டு உடை, அழைப்பிதழே ஒரு புத்தகம்போல. செய்ய வசதி உள்ளவர்கள் செய்யட்டும். என்னிடம் ஒரு தாய் வந்து, தாலிக்கொடியை அடகு வைத்தாவது செய்யலாம் டீச்சர் என்றா. அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வருடம் ஆயத்தமாக இருந்த நான்கு பிள்ளைகளின் பெற்றோரையும் கூப்பிட்டு இருத்திக் கதைத்தேன். நால்வரும் ஒரே மேடையில், உருப்படிகளைப் பகிர்ந்து, வர்ணம் மட்டும் ஆளுக்கொரு பகுதி தனியாக. மிருதங்கம், வயலின், பாட்டு எல்லாம் கொழும்பிலேயே இருக்கும் கலைஞர்கள். ஒரு மாதம் முழுக்க அவர்கள் ஒத்திகைக்கு வந்தார்கள், பிள்ளையின் மூச்சு எங்கே வாங்குகிறது என்று மிருதங்கக்காரருக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தாலிக்கொடி கழுத்திலேயே இருந்தது. அதற்குப் பிறகு என் பிள்ளைகளுக்கு இந்த முறைதான்.

போன மாதம் டொரொண்டோவிலிருந்து என் பழைய மாணவி ஒருத்தி அழைத்தாள். பாவாடையில் கை துடைத்த அதே பிள்ளை. இப்போது அங்கே ஆறு சின்னப் பிள்ளைகளுக்குப் பழக்குகிறாளாம். அதே பதத்துக்கு வந்துவிட்டாள்.

"டீச்சர், எங்கட வகுப்பு நிலக்கீழ் அறையில. படிக்கட்டும் நேரா இறங்குது, நடுவில இடைவெளி இல்லை. வாளியை எங்க இறக்குறது?"

கயிற்றின் மறுமுனையை இன்னொரு பிள்ளையிடம் கொடு, அவள் தரையில் இருந்துகொண்டு விடாமல் பிடித்து இழுக்கட்டும், பாரம் வந்துவிடும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"தண்ணி சிந்தாதே, டீச்சர்?"

அதுதான் குறை என்றேன். ஜூன் வந்தால் வெளியில் ஒரு பாலம் இருக்கிறது, கீழே ஆறு, அங்கே கூட்டிக்கொண்டு போகலாம் என்றாள். பிள்ளைகளின் பெற்றோரிடம் முதலில் கேட்டுவிடு, கயிறு தும்புக் கயிறாக இருக்கட்டும், நைலோன் கையை அறுத்துவிடும் என்று சொன்னேன். அங்கே தும்புக் கயிறு எந்தக் கடையில் கிடைக்கும் என்று தேடிப் பார்த்துவிட்டு இரவு திரும்ப எடுப்பதாகச் சொல்லி வைத்தாள்.